ஊர்ப் பணத்தில் பண்டிகை விளக்கு போடலாமா? வாய்ப்புச் செலவு பற்றி ஒரு எளிய விளக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை ஊசிக் கோபுர ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்காத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று போகப் போக ஆலயக் கோபுரங்கள் தூரத்திலிருந்தே வெளிச்சமாகத் தெரியும். இத்தனை வெளிச்சத்துக்கும் காசு கொடுப்பது யார்? வீட்டு ஸ்டாருக்கு வீட்டுக்காரர். ஆலயத்துச் சீரியல் செட்டுக்குச் சபையார். கடைத்தெருத் தோரணத்துக்குக் கடைக்காரர்கள். நம் பக்கத்து வழக்கம் இதுதான். மாநகராட்சியோ பேரூராட்சியோ இந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே பல ஊர்களில் கடைத்தெருவுக்குக் கிறிஸ்துமஸ் விளக்கு போடுவது ஊராட்சி மன்றத்தின் செலவு. பத்துப் பதினைந்து வருடமாக அந்த மன்றங்களின் கையில் காசு இல்லை. நூலகத்தை மூடலாமா, பேருந்து மானியத்தை நிறுத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே நவம்பர் வந்துவிடும். உடனே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: காசில்லாத நேரத்தில் ஊர் விளக்கு போட வேண்டுமா? ஒரு பக்கம் "பிள்ளைகளின் சந்தோஷத்தில் கை வைக்காதே" என்பார்கள். மறுபக்கம் "முதியோர் பராமரிப்புக்கே காசில்லை, தோரணம் கேட்கிறதா" என்பார்கள்.

இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான். ஆனால் இரண்டு பேருமே செலவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறார்கள். இதைச் சரியாகக் கணக்குப் பார்க்கப் பொருளாதாரத்தில் ஒரு கருத்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரி மனப்பாடத்தோடு முடிந்துபோகிற கருத்து. வாய்ப்புச் செலவு என்பது அதன் பெயர். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் வார்டு உறுப்பினரிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பண்டிகைக்கு 10,000 ரூபாய் போனஸ் வருகிறது. அதில் எல்லோருக்கும் புதுத்துணி எடுக்கலாம். அல்லது மழைக்கு ஒழுகுகிற ஓட்டுக் கூரையை மாற்றலாம். இரண்டுக்கும் சேர்த்துக் காசு கிடையாது. துணி எடுத்தால் அதன் விலை என்ன? கடைக்காரர் 10,000 ரூபாய் என்று பில் போடுவார். உண்மையில் அந்தத் துணிக்காக வீட்டார் விட்டுக்கொடுத்தது ஒழுகாத கூரையை. அந்தக் கூரைதான் துணியின் வாய்ப்புச் செலவு. ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே காசிலும் அதே நேரத்திலும் செய்திருக்கக்கூடிய அடுத்த சிறந்த காரியம் எதுவோ, அதை இழக்கிறோம். அந்த இழப்புதான் உண்மையான செலவு.

இதில் இரண்டு சொற்களை அழுத்திப் படிக்க வேண்டும். ஒன்று, 'அடுத்த சிறந்த'. துணி எடுக்காவிட்டால் கூரை மாற்றலாம், பீரோ வாங்கலாம், கடன் அடைக்கலாம் என்று பத்து யோசனை வரலாம். பத்தையும் இழந்ததாகக் கணக்குப் போடக் கூடாது, ஏனென்றால் அந்தக் காசில் ஒன்றைத்தான் செய்திருக்க முடியும். அவற்றில் ஆகச் சிறந்தது மட்டும்தான் கணக்கு. இன்னொன்று, 'அதே காசில்'. 10,000 ரூபாயில் முடியாத காரியத்தை இழந்ததாகச் சொல்லவே முடியாது. மேடைப் பேச்சுகளில் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். "இந்த விளக்குக் காசில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தையே முடித்திருக்கலாமே!" என்று ஒருவர் முழங்குவார், கை தட்டுவார்கள். ஒரு தெரு விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் மூன்று லட்ச ரூபாயில் பாதாளச் சாக்கடை முடியாது. அதைவிட முக்கியமான காரணம், அந்த இரண்டு காசும் இருப்பது வேறு வேறு பையில்.

ஊரின் பைகள்

ஊராட்சிக்கு (பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றையும் சேர்த்தே இப்படிச் சொல்கிறேன்) ஒரே ஒரு கல்லாப்பெட்டி இருப்பதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிக் கிடையாது. தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிகளில் கணக்கு மூன்று நிதிகளாகப் பிரித்து வைக்கப்படுகிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. நீங்கள் கட்டும் குடிநீர்க் கட்டணம் ஒரு கணக்குக்குப் போகிறது, சொத்து வரியோடு சேர்ந்து வரும் கல்வி வரி வேறொரு கணக்குக்குப் போகிறது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் வசூலாகும் நூலக வரி ஊராட்சிக்கே சொந்தமில்லை. அது நூலகத் துறைக்குக் கட்ட வேண்டிய பணம்.

வெளியிலிருந்து வரும் மானியத்துக்கும் கயிறு கட்டியிருக்கும். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்குப் பரிந்துரைத்த மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாதிரிப் பத்து லட்சம் மக்கள்தொகைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு ஒதுக்கியதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று அது சொன்னது. அந்தக் காசைத் தோரண விளக்குக்குத் தொட முடியாது. தொட்டால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் எழுதிவிடுவார்கள், ஆணையாளரோ செயல் அலுவலரோ வருடக்கணக்கில் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக, பண்டிகை விளக்குக்குக் காசு வரக்கூடிய ஒரே பை, எந்தக் கயிறும் கட்டாத பொது நிதி. சொத்து வரியின் பொதுப்பங்கு, தொழில் வரி, கடை வாடகை, சந்தை ஏலம், பேருந்து நிலையக் குத்தகை எல்லாம் வந்து விழுகிற இடம் அது. அதே பையிலிருந்துதான் பணியாளர் சம்பளம், தெருவிளக்கின் மின் கட்டணம், குப்பை அள்ளும் வண்டிக்கு டீசல், வார்டு சாலையில் ஒட்டுப் போடுவது எல்லாம் போகிறது. வாய்ப்புச் செலவைத் தேட வேண்டியதும் அந்தப் பைக்குள்ளேதான். விளக்குக்குப் போட்டியாக நிற்பது பாதாளச் சாக்கடை இல்லை. எரியாமல் கிடக்கும் தெருவிளக்கும், கையுறை கிழிந்த தூய்மைப் பணியாளரும்தான்.

ஒரு தெருவுக்குக் கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நான் போடப்போவது ஒரு கற்பனைப் பேரூராட்சியின் கணக்கு, ரேட்டெல்லாம் உத்தேசம்தான். ஒரு கிலோமீட்டர் கடைத்தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து 500 எல்இடி சரம், சரத்துக்கு 10 வாட். மொத்தம் 5,000 வாட், அதாவது 5 கிலோவாட். மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை 6 மணி நேரம், 20 இரவு. ஆக 120 மணி நேரம். 5 கிலோவாட்டை 120 மணி நேரத்தால் பெருக்கினால் 600 யூனிட். தற்காலிக இணைப்புக்கு ரேட் கூடுதல் என்பதால் யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றே வைப்போம். 7,200 ரூபாய்.

இருபது இரவு ஒரு கிலோமீட்டர் தெருவை ஜொலிக்க வைக்க மின்சாரச் செலவு இவ்வளவுதான். சீரியல் செட் கட்டுகிற எவரிடம் பேசினாலும் இதைத்தான் சொல்வார்: "கரண்டுக்கு என்னத்த ஆகப்போவுது அண்ணாச்சி? ஆளுக் கூலியும் கம்புமில்லா காசு!" சவுக்குக் கம்பு நட வேண்டும், வயர் இழுக்க வேண்டும், மழை வந்தால் ஷாக் அடிக்காமல் இணைப்புகளைச் சுற்றிக் கட்ட வேண்டும். இரவுக் காவலுக்கு ஆள், கரண்ட் போனால் ஜெனரேட்டர், முடிந்ததும் கழற்றிச் சுருட்டக் கூலி. மின்சாரம், சர வாடகையோடு இதெல்லாம் சேர்ந்து மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால், மின்சாரம் அதில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்.

இந்த ஒரு கணக்கு எத்தனையோ வாதங்களைத் தள்ளிவிடுகிறது. "எல்இடி போட்டாச்சு, இனிமேல் செலவே இல்லை" என்பது தவறு. குறைந்தது மின்சாரம், பெரிய தொகை அப்படியே நிற்கிறது. "பத்து மணிக்கே அணைத்துவிடுவோம், மிச்சம் பிடிப்போம்" என்பதும் பெரிதாக ஒன்றும் மிச்சம் தராது. சரங்களை முன்னமே விலைக்கு வாங்கி ஊராட்சியின் கிட்டங்கியில் வைத்திருந்தால் கணக்கு மாறும். அப்போது வாங்கிய விலை போனது போனதுதான், இந்த வருடம் விளக்கு போடாவிட்டாலும் அது திரும்பி வராது. அந்த ஊர் யோசிக்க வேண்டியது கம்பு, கூலி, மின்சாரம் மட்டும். அலமாரியில் சரம் கிடக்கும் ஊரும், புதிதாக வாடகைக்கு எடுக்கும் ஊரும் ஒரே கேள்விக்கு வேறு வேறு விடை சொல்வதில் தவறே இல்லை.

சரி, இந்த மூன்று லட்சத்துக்கு அடுத்த சிறந்த காரியம் எது? ஒரு தெருவிளக்கைச் சரிசெய்து ஏற்ற ஆறாயிரம் என்று வைத்தால் ஐம்பது கம்பங்கள் எரியும். இதைப் படிக்கும்போது உங்கள் தெருவில் எரியாத கம்பம் எது என்று நினைவுக்கு வந்திருக்கும். ராத்திரி பீடி ஆபீஸிலிருந்தோ டியூஷனிலிருந்தோ திரும்பும் பெண்பிள்ளை அந்த இருட்டைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறாள். கடைத்தெருவில் இருபது இரவு அலங்கார வெளிச்சம் வேண்டுமா, ஐம்பது முக்குகளில் வருடம் முழுவதும் வெளிச்சம் வேண்டுமா என்று கேட்கும்போதுதான் செலவு முழு உருவத்தோடு தெரிகிறது.

டிசம்பர் ரூபாய்

நம் பக்கத்துக்கென்றே இன்னொன்று உண்டு. இங்கிலாந்தில் யாரும் இதை யோசிக்கத் தேவையில்லை, நாம் யோசித்தே ஆக வேண்டும். டிசம்பர் இங்கே வடகிழக்குப் பருவமழையின் மாதம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு பேரூராட்சியின் கையில் கயிறு கட்டாத மூன்று லட்சம் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் எத்தனை வித்தியாசம்! மோட்டார் வாடகைக்கு எடுக்கலாம், ஜேசிபி கூப்பிடலாம், பிளீச்சிங் பவுடர் வாங்கலாம், முகாமில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் லாரி விடலாம். மாநில அரசின் நிவாரணம் வரும்தான், ஆனால் முதல் இரண்டு நாள் ஊர்தான் தன் கையால் சமாளிக்க வேண்டும். மே மாதத்தில் கையிலிருக்கும் ஒரு லட்சமும் டிசம்பர் நடுவில் கையிலிருக்கும் ஒரு லட்சமும் ரூபாயில் சமம், வாய்ப்புச் செலவில் சமமே இல்லை. நெல்லைச் சீமையில் பண்டிகை விளக்குக்கான பணம் வருடத்திலேயே மிக விலை உயர்ந்த மாதத்தில் செலவாகிறது. என் மனதில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக நிற்கும் காரணம் இதுதான்.

"மொத்தத்தில் தூசு" என்ற வாதம்

விளக்கை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "ஊரின் மொத்த பட்ஜெட்டில் இது ஒரு தூசு. இதை வெட்டி என்ன நிமிரப்போகிறது?" பாதி உண்மை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மன்றத்தைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அது தன்னால் கணக்கைச் சமன்செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் தராததால் வந்த பழைய பாக்கியே அறுபது, எழுபது கோடிப் பவுண்டுகளைத் தாண்டும் என்று பேசப்பட்டது. அடுத்த வருடம் வீட்டு வரியை ஏறக்குறைய 10 சதவீதம் கூட்டினார்கள், தெருவிளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பதும் சிக்கனத் திட்டத்தில் வந்தது. இவ்வளவு பெரிய ஓட்டையை எத்தனை வருடத் தோரணத்தை நிறுத்தினாலும் அடைக்க முடியாது. விளக்கை நிறுத்தினால் நெருக்கடி தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் அந்த வாதத்தின் மறுபாதி தவறு. மொத்தத்தோடு ஒப்பிட்டால் எல்லாச் செலவும் தூசுதான். ஒரு தெருவிளக்கும் தூசு, ஒரு கையுறையும் தூசு. மூன்று லட்சத்தை ஒப்பிட வேண்டியது இன்னொரு மூன்று லட்சத்தோடு. அந்த இன்னொரு மூன்று லட்சம் எதைச் செய்திருக்கும் என்று காட்ட முடியாதவரை, "தூசு" என்பது விடை ஆகாது.

இங்கிலாந்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பெரிய மன்றங்கள் வீட்டு வரியை ஓர் அளவுக்கு மேல் கூட்ட வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சின்ன ஊர் மன்றங்களுக்கு அந்த உச்சவரம்பு இதுவரை வைக்கப்படவில்லை. அதனால் பெரிய மன்றம் விளக்கைக் கைகழுவ, சின்ன மன்றம் அதை எடுத்துக்கொண்டு தன் பங்கு வரியைக் கூட்டுகிறது. பெரிய மன்றத்தின் அறிக்கையில் சிக்கனம் என்று வரும். கட்டுகிற வீட்டுக்காரர் அதே ஆள்தான். செலவு ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

லாபம் யாருக்கு, வரி யாருக்கு

அடுத்த வாதம் வலுவானது. விளக்கு போட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வியாபாரம் நடக்கும், ஆகவே இது செலவே இல்லை, முதலீடு. இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரை ஊர் இதற்குச் சாட்சி. 1879-ல் எட்டு ஆர்க் விளக்குகளோடு தொடங்கிய வெளிச்சம் இன்று மைல் கணக்கில் நீண்டு, வேனில் முடிந்த பிறகும் ஆட்களை இழுக்கிறது. அங்கே தங்குவார்கள், சாப்பிடுவார்கள்.

வியாபாரம் கூடுகிறது என்றே ஒப்புக்கொள்வோம். கூடிய காசு எங்கே போகிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள். முதலில் கடைக்காரரின் கல்லாவுக்கு. அதில் ஒரு பங்கு ஜிஎஸ்டியாகப் பாதி ஒன்றிய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும். ஊராட்சிக்கு? கடையின் சொத்து வரி கட்டடத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்தது, விற்பனையைப் பொறுத்ததில்லை. டிசம்பரில் ஜவுளி இரண்டு மடங்கு விற்றாலும் அந்தக் கடையிலிருந்து நகராட்சிக்கு வரும் சொத்து வரி ஒரு பைசா கூடாது. விளக்குக்குச் செலவழித்த கையும் லாபம் வாங்கிய கையும் வேறு வேறு. முதலீடு என்று சொல்ல வேண்டுமென்றால் முதலைப் போட வேண்டியது லாபம் வாங்குகிறவர்தான்.

அப்படியானால் கடைக்காரர்களே போட்டுவிட்டுப் போகட்டுமே? இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. தெருவுக்கு நடுவே கட்டிய தோரணம் காசு கொடுத்த கடைக்கும் எரியும், கொடுக்காத கடைக்கும் எரியும். கொடுக்காதவர் வாசலில் மட்டும் வெளிச்சத்தை நிறுத்த முடியாது. அதனால் ஒவ்வொருவரும் "பக்கத்துக் கடை அண்ணாச்சி கொடுக்கட்டும், நாம பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டால், எல்லோருக்கும் ஆசை இருந்தும் தெரு இருட்டாகவே கிடக்கும். இத்தகைய பொருளைப் பொதுப்பண்டம் என்கிறார்கள். தெருவிளக்கு, வெள்ளத் தடுப்புக் கரை, கொசு ஒழிப்பு எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு அரசு வரி போட்டுச் செலவழிப்பதன் அடிப்படைக் காரணமே இந்த முடிச்சுதான்.

நம் ஊர்கள் இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டன. அம்மன் கோயில் கொடை வந்தால் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஓர் ஆணுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்து, நோட்டில் பெயர் எழுதி வாங்கிவிடுவார்கள். வெளியூரில் கடை வைத்திருப்பவருக்கும் தகவல் போகும், அவரும் அனுப்பிவிடுவார். வரி பாக்கி வைத்தவர் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கிறிஸ்தவ ஊர்களில் அசனப் பண்டிகைக்கு இதே ஏற்பாடுதான்; அரிசி, காய்கறி, ஆடு, விறகு, சமையல் வேலை என்று வீடுவீடாகப் பங்கு வரும், பந்தியில் ஊர் முழுக்க உட்காரும். முதலூர் போன்ற, 1799-லிருந்து சபையாகவே வளர்ந்த ஊர்களில் ஊர்க்காரியத்துக்குக் கூடிப் பணம் போடுவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அரசாங்கத்தின் கை இதில் எங்கேயும் படவில்லை. ஆனாலும் யாரும் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போக முடியாத கட்டுப்பாடு இருக்கிறது.

லண்டனும் ஏறத்தாழ இந்த வழிக்குத்தான் வந்தது. ரீஜென்ட் தெருவில் 1954-ல் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் விளக்கு போட்டது அந்தத் தெரு வியாபாரிகளின் சங்கம். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1959-ல் தொடங்கினார்கள். பொருளாதார மந்தத்தால் 1967-ல் நின்றுபோய், 1978-ல்தான் திரும்ப வந்தது. கடைக்காரர் காசை நம்பியிருந்தால் வியாபாரம் படுத்த காலத்தில் விளக்கும் படுத்துவிடும் என்பதற்கு அது உதாரணம். 2003-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பகுதியின் கடைக்காரர்கள் வாக்களித்து, தலை எண்ணிக்கையிலும் கடை மதிப்பிலும் பெரும்பான்மை கிடைத்தால், எல்லாக் கடையும் ஐந்து வருடம் வரை ஒரு சிறப்பு வரி கட்டியே ஆக வேண்டும். விளக்கு, காவல், துப்புரவு அந்தக் காசில் நடக்கும். தலைக்கட்டு வரி நோட்டைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றினால் இப்படித்தான் இருக்கும்.

எந்தப் பண்டிகைக்கு?

பொது நிதி என்றதும் அடுத்த கேள்வி தானாக வரும். 1994-ல் உருவான திருநெல்வேலி மாநகராட்சிக்குள் நெல்லையப்பர் கோயில் இருக்கிற டவுனும், ஊசிக் கோபுரம் இருக்கிற பாளையங்கோட்டையும், மேலப்பாளையமும், தச்சநல்லூரும் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் ஆனித் தேரோட்டத்துக்கும் பாளையங்கோட்டைத் தசராவுக்கும் மேலப்பாளையத்து ரம்ஜானுக்கும் கொடுக்க வேண்டும், கொடுப்பதுதான் நியாயம். ஆகவே ஒரு விளக்குக்கான வாய்ப்புச் செலவைக் கணக்கிடும்போது, அது திறந்துவிடும் மற்ற செலவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று லட்சம் மூன்று லட்சத்தோடு நிற்காது.

சட்டமும் இங்கே வருகிறது. அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஹஜ் மானியம் பற்றிய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் சொன்னது: வசூலாகும் வரியில் கணிசமான பகுதி ஒரு மதத்துக்குப் போனால்தான் இந்தப் பிரிவு மீறப்படும். சிறு செலவு செய்தாலே சட்டத்துக்கு விரோதம் என்று பயமுறுத்துபவர்கள் சொல்வது அப்படியே சரியில்லை. சட்டம் விடுகிறது என்பதால் செய்தே ஆக வேண்டும் என்றும் பொருளில்லை.

இதில் ஒரு செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேரோட்டத்தன்று ரதவீதிகளில் ஆயிரமாயிரம் பேர் கூடும்போது மாநகராட்சி தண்ணீர் வைக்கிறது, குப்பை அள்ளுகிறது, நடமாடும் கழிப்பறை நிறுத்துகிறது. அது சாமிக்குச் செய்கிற செலவு ஆகாது. கூடின மனிதர்களுக்குச் செய்யும் சுகாதாரச் செலவு. கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனைக்கு ஆலயத்துக்கு வரும் வழியில் தெருவிளக்கு எரிய வேண்டும், அதிகாலை நாலு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களுக்குச் சாலை குழியில்லாமல் இருக்க வேண்டும். இதை ஊராட்சியிடம் உரிமையோடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

விளக்கின் பக்கம் ஒரு நியாயம்

எனக்குப் பண்டிகை விளக்கு பிடிக்கும். வெளிச்சத்தை வீண் என்று சொல்ல என்னால் முடியாது. அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் தெருவிளக்கும் இருக்கிறது, பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பதும் இருக்கிறது. ஊர் அழகாக இருப்பது ஊராட்சியின் வேலைதான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஸ்டார் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தெரு வெளிச்சம் இலவசம். மதம் கேட்காது, டிக்கெட் கேட்காது. காசுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை வெளியூர் மால்களுக்கு அழைத்துப்போய் வெளிச்சம் காட்டிவிடுவார்கள். ஊர் விளக்கை நிறுத்தினால் இழப்பது இல்லாதப்பட்ட வீடுகள்தான். வாய்ப்புச் செலவுக் கணக்கு இதையும் எடைபோட வேண்டும். ரூபாயில் சொல்ல முடியாத நன்மை என்பதால் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் அது கள்ளக் கணக்கு.

எல்லாவற்றையும் வைத்து யோசித்து நான் வந்திருக்கும் இடம் இது. கையில் காசு குறைந்த வருடத்தில், பொது நிதியிலிருந்து அலங்கார விளக்குக்குப் பணம் எடுக்கக் கூடாது. எந்தப் பண்டிகைக்கும் கூடாது. நம் பக்கத்தில் அதற்குப் பணம் திரட்டும் பழக்கம் உயிரோடு இருக்கிறது, அந்த மாதத்தில் ஊராட்சியின் ரூபாய்க்கு வெள்ளம் என்ற போட்டியாளரும் இருக்கிறார். அதே நேரம் ஊராட்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. வியாபாரிகள் சங்கமும் சபைகளும் சேர்ந்து தெருவுக்கு விளக்கு கட்ட முன்வந்தால், அனுமதியை அலைக்கழிக்காமல் ஒரே நாளில் கொடுக்கலாம். ஊராட்சியின் எலக்ட்ரீஷியனை அனுப்பி வயரிங் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். ஈர மாதத்தில் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் அது. கடைத்தெருவோடு நின்றுவிடாமல் காலனிக்கும் இரண்டு சரம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் அனுமதியோடு சேர்க்கலாம்.

தமிழ்நாட்டில் நவம்பர் 1 உள்ளாட்சி தினம். கிராமங்களில் அன்று கிராம சபை கூடும். நகரங்களில் 2022-லிருந்து பகுதி சபை என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. டிசம்பர் விளக்குப் பேச்சை எடுக்க அது தோதான நாள். "விளக்கு போடுவீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்டால் அரசியல் பதில்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்தப் பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது? அந்த நிதியில் மார்ச் வரைக்கும் இன்னும் எவ்வளவு இருக்கிறது, மழைக்கென்று எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்? விளக்கு போடாவிட்டால் இதே தொகை எந்த வேலைக்குப் போகும்? வேலையின் பெயரையும் தெருவின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் விளக்கை நிறுத்திய காசு அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரவில்லையென்றால், ஊருக்கு விளக்கும் இல்லை, வேலையும் இல்லை. ஜனவரியில் போய்க் கேட்கும்போது அந்த நோட்டின் பக்க எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.